டாக்டருக்கே தெரியாதா?

நான் பார்த்த வேலைக்கு எங்கள் வீட்டில் பெயரே கிடையாது. எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள் என்பது வரை அம்மாவுக்குத் தெரியும். நர்ஸும் இல்லை, லேப்பும் இல்லை, அங்கே என்னதான் செய்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், "நோயாளிங்ககிட்ட கையெழுத்து வாங்குற வேலை" என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் ஏதோ லோன், இன்ஷூரன்ஸ் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அம்மா சொன்னதை முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது. மாதக் கடைசியில் என்னிடம் கேட்கப்பட்ட கணக்கும் அதுதான்: இந்த மாசம் எத்தனை கன்சென்ட் ஆச்சு?

2000-களின் நடுப்பகுதி. சென்னையில் ஒரு நெஞ்சுநோய்ப் பிரிவு. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்புட்டால் என்று நான்கு மருந்து. அடுத்த நான்கு மாதம் மருந்துகளின் எண்ணிக்கை குறையும். இருமல் அடங்கி, பசி எடுத்து, கன்னத்தில் சதை பிடிப்பதெல்லாம் இரண்டாம் மாதத்திலேயே நடந்துவிடும். அதோடு பலருக்கு மாத்திரை ஞாபகமும் போய்விடும். விட்டவர்களில் சிலருக்கு நோய் திரும்பும். அதிலும் சிலருக்கு மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பும். ஆறு மாதத்தை நான்காகக் குறைக்க முடியுமா என்று பல நாடுகளில் முயன்றுகொண்டிருந்த காலம் அது. எங்கள் ஆய்வும் அந்த வகைதான். ஃப்ளூரோக்வினோலோன் குடும்பத்து மருந்து ஒன்றைச் சேர்த்து ஒரு பிரிவினருக்கு நான்கு மாதம். இன்னொரு பிரிவினருக்குப் பழைய ஆறு மாதம். யாருக்கு எது என்பது மூடிய உறைக்குள் இருக்கும். கையெழுத்தான பிறகுதான் உறையைக் கிழிப்போம்.

இதை விளக்கி, கேட்டவருக்குப் புரிந்ததா என்று பார்த்து, சம்மதம் என்றால் கையெழுத்து வாங்க வேண்டும். மாடிப்படிக்குப் பக்கத்தில் பலகை வைத்துத் தடுத்த அறை எனக்கு. ஒரு மேஜை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. ஜன்னல் எனக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருவேன். சளி பாசிட்டிவ் ஆனவர்களோடு நாளெல்லாம் பேசுகிறவள் காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத்தான் நாற்காலியைப் போட வேண்டும்.

வேலைக்குச் சேரும்போது நான் பயந்தது ஒரே கேள்விக்கு: "எங்கள என்ன எலின்னு நெனச்சீங்களா?" சினிமா பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தப் பயம் இயல்பு. கேட்டார்கள்தான், ஆனால் அபூர்வமாக. அப்படிக் கேட்பவர்களோடு பேசுவது எனக்குப் பிடிக்கும். அவர்கள் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரியும். என்னைத் திணறடித்தவர்கள் வேறு ஆட்கள். படிவத்தை மேஜையில் வைப்பதற்குள் "எங்க போடணும் மேடம்?" என்று பேனாவைத் தேடுகிறவர்கள். "நீங்க படிச்சவங்க, கெடுதலா சொல்வீங்க?" என்று முடித்துவிடுகிறவர்கள். ஓபி சீட்டு, ஊசிச் சீட்டு, எக்ஸ்ரே சீட்டு என்று ஆஸ்பத்திரி நீட்டிய காகிதம் எல்லாவற்றிலும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள். இதுவும் அந்த வரிசையில் ஒரு காகிதம் அவர்களுக்கு. போடாவிட்டால் மாத்திரை கிடைக்காதோ என்ற பயமும் பலருக்கு இருந்தது. சேராவிட்டாலும் வழக்கமான சிகிச்சை இலவசமாக நடக்கும் என்று மூன்று முறை சொன்னால்தான் முகத்தில் ஒரு தளர்வு வரும்.

பக்க விளைவுகளை விளக்குவதில் சிரமம் இருந்ததில்லை. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் ஒண்ணுக்கு ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்றால் எல்லோருக்கும் புரியும். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் உடனே வாருங்கள் என்றாலும் புரியும். எல்லோரும் வந்து முட்டிக்கொண்டு நின்றது ஒரே இடத்தில். நான்கு மாத மருந்து, ஆறு மாத மருந்து இரண்டில் எது நல்லது என்று யாருக்கும் தெரியாது, தெரியாததால்தான் இந்த ஆய்வு என்று நான் சொல்லும் இடம் அது.

"டாக்டருக்கே தெரியாதா?"

ஏறக்குறைய எல்லோரும் இதே இரண்டு சொல்லைத்தான், சற்று முன்பின்னாக, கேட்டார்கள். விடியற்காலையில் கிளம்பி, பஸ் மாறி, டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பது தெரிந்த ஒருவரைப் பார்க்கத்தான். அவருக்குத் தெரியாது என்று, அவர் ஆஸ்பத்திரியிலேயே சம்பளம் வாங்கும் ஒரு பெண் சொல்கிறாள். சிலர் என்னை நம்பவில்லை: டாக்டருக்குத் தெரியும், இந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை என்று முடிவுகட்டினார்கள். சிலருக்கு டாக்டர் மேலிருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஓட்டேரியிலிருந்து வந்த பூக்காரம்மா ஒருவர் மட்டும் உறையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கோயில்ல பூக்கட்டிப் பாக்குற மாதிரியா?" என்றார்.

சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு, ஏதும் அறியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. பெண் கொடுக்கலாமா, வீடு வாங்கலாமா என்று மனசு தீராதபோது செய்வது. உறைக்கு அதைவிடப் பொருத்தமாக நான் யோசித்ததில்லை. ஆமாம்மா என்றேன்.

"அங்க சாமிக்குத் தெரியும்மா. இங்க?"

"இங்க யாருக்கும் தெரியாது. இத்தனை பேரையும் ரெண்டு வருஷம் பாத்து, எல்லாத்தையும் கூட்டிக் கணக்குப் போட்டாத்தான் தெரியும்."

"அப்ப எனக்காக இல்ல. எனக்கப்புறம் வர்றவங்களுக்காக."

உங்களுக்கும் நல்ல சிகிச்சை உண்டு, ஆனால் பாதி நீங்கள் சொல்வதுதான் என்றேன். அவர் அன்று கையெழுத்துப் போடவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போய், மறுநாள் வந்து போட்டார். வீட்டில் கேட்டாரா என்பது எனக்குச் சந்தேகம். நோய் இருப்பதையே மருமகளிடம் சொல்லியிருக்கவில்லை.

இந்த 'தெரியாது'வைச் சொல்வதற்கு டாக்டர்களுக்கு வாய் வராது. எங்களோடு இருந்தவர்களில் ஒருவர் அருமையான மருத்துவர். இரவு பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார். ஆனால் நோயாளி எதிரில் உட்கார்ந்ததும், "புது மருந்து வந்திருக்கு, நல்ல மருந்து, சீக்கிரம் குணமாயிடும், மேடம்கிட்ட ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்று அனுப்பிவிடுவார். பொய் சொல்லும் எண்ணமெல்லாம் இல்லை. நோயாளிக்குத் தைரியம் சொல்வது முப்பது வருஷப் பழக்கம். அவர் கொடுத்த தைரியத்தைக் கலைப்பதிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். நல்ல மருந்து என்று தெரிந்துவிட்டால் ஆய்வே தேவையில்லையே சார் என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தார். மறுநாளும் அதையேதான் சொன்னார்.

அவரைத் திருத்தியது எங்கள் ஆயா. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் கூட இருந்து, எல்லாம் வாசித்துச் சொல்லப்பட்டது என்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கூட வந்த உறவினர் இல்லாதபோது, நோயாளி சம்மதித்தால், வேறு வார்டில் வேலை பார்த்த ஆயா ஒருவரைக் கூப்பிடுவோம். எட்டாவது வரை படித்தவர். கேட்டுக் கேட்டு அவருக்கு முழுவதும் மனப்பாடம். ஒருநாள் அந்த டாக்டரே அவசரத்தில் விளக்கிவிட்டு எழுந்தபோது, ஆயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், மாத்திரை முடிஞ்சப்புறமும் ரெண்டு வருஷம் சளி குடுக்க வரணும்னு சொல்லவே இல்லியே" என்றார். டாக்டர் மறுபடி உட்கார்ந்தார்.

புரிந்ததா என்று கேட்பதில் பயனில்லை என்று சீக்கிரமே தெரிந்துபோனது. புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் நம் ஆட்கள். "புரிஞ்சுதுங்க" என்று எழுந்துவிடுவார்கள். அதனால் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தேன். "இப்ப வீட்டுக்குப் போறீங்க. எதுக்கு இவ்ளோ லேட்டுன்னு வீட்டுக்காரர் கேக்குறாரு. என்ன சொல்வீங்க? என்கிட்டயே சொல்லிக் காட்டுங்க." வியாசர்பாடிப் பெண் ஒருத்தி, முக்கால் மணி நேரம் நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு, நிதானமாகச் சொன்னாள்: "நாலு மாசம் மாத்திரை சாப்ட்டா கவர்மென்ட்ல பணம் குடுப்பாங்க. ஆறு மாசம் சாப்ட்டா குடுக்க மாட்டாங்க." பஸ் செலவுக்கும் அன்றைய கூலிக்கும் ஒரு சிறு தொகை உண்டு என்று நான் சொன்னதும், உறை சங்கதியும் சேர்ந்து அவள் மனதில் இப்படி ஒரு திட்டமாகியிருந்தது. இரண்டாம் முறை முதலிலிருந்து. பணத்தைக் கடைசியில் சொன்னேன். அந்தத் தொகை எவ்வளவு இருக்கலாம் என்று, ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியில் ஒவ்வொரு முறையும் வாக்குவாதம் நடக்கும். கொஞ்சம் கூடினால் காசுக்காகச் சேர்வார்கள். குறைந்தால் கூலி போய்விடும். கமிட்டியில் மருத்துவம் சாராத ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அவர் கேட்கும் கேள்விகள்தான் எனக்கு உபயோகமாக இருந்தன. சித்தாள் வேலைக்கு இன்றைக்கு என்ன கூலி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

'எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்கள் சிகிச்சைக்கு எந்தப் பாதிப்பும் வராது' என்று ஒரு வரி எல்லாப் படிவத்திலும் இருக்கும். அதை வாசிக்கும்போது நோயாளிகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். விலகியவரை ஓபி கவுன்டரில் வைத்து, "ஆராய்ச்சின்னா ஓடிப் போவீங்க, மாத்திரைன்னா மட்டும் இங்க வருவீங்க" என்று ஒரு ஊழியர் எல்லோர் காதிலும் விழக் கத்தியதை நானே பார்த்தேன். வரிசையில் நின்றிருந்தவர்களில் மூன்று பேர் எங்கள் ஆய்வில் இருந்தவர்கள். அதற்குப் பிறகு அந்த வரியை வாசிப்பதோடு நிறுத்தாமல், விலக வேண்டும் என்றால் யாரிடமும் போக வேண்டாம், நேரே என்னிடம் வாருங்கள், ஓபி சீட்டை நானே வாங்கித் தருகிறேன் என்று சேர்த்துச் சொன்னேன். படிவத்தில் இல்லாத வாக்கியம். எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் கேட்டுத்தான் சொன்னேன்.

சேத்துப்பட்டில் இளவயதில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஹெல்த் விசிட்டர் அம்மா ஒருவர் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வருவார். 1956-ல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் முன்நின்றார். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: காசநோயாளியை சானடோரியத்தில்தான் வைக்க வேண்டுமா, வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் போதாதா? ஓய்வு, நல்ல சாப்பாடு, நல்ல காற்று இல்லாமல் இந்த நோய் தீராது என்று நம்பிய காலம். தாம்பரம் சானடோரியத்தின் பெயர் ரயில் நிலையத்துக்கே ஒட்டிக்கொண்டது அந்த நம்பிக்கையால்தான். சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்துக்கும் பாதிப் பேரை வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்துகள், ஐசோனியாசிடும் பாஸ் என்ற மருந்தும், ஒரு வருஷம். வீட்டிலிருந்தவர்கள் ஒண்டுக் குடித்தனத்தில், அரைவயிற்றுச் சாப்பாட்டில், முடிந்தபோது வேலைக்கும் போய்க்கொண்டு மருந்து சாப்பிட்டார்கள். 1959-ல் முடிவு வந்தது: வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய சானடோரியத்துக்குச் சமம். கூட இருந்த குடும்பத்தினருக்கும் அதனால் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதில் இந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த அம்மா சொல்லும் கதைகளில் வாலஸ் ஃபாக்ஸ் அதிகம் வர மாட்டார். முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் சிறுநீர் கேட்டது வரும். பாஸ் சாப்பிட்டிருந்தால் சோதனையில் நிறம் மாறும். சாப்பிடாமல் ஏமாற்றினால் தெரிந்துவிடும். "பக்கத்து வீட்டுப் பிள்ளையோட மூத்திரத்தக் குடுத்தவங்களும் உண்டு" என்பார். ஃபாக்ஸ் போன்றவர்கள் நோயாளிகள் மருந்தைத் தாங்களாகவே சாப்பிடுவது பற்றியே ஆராய்ந்து எழுதினார்கள் என்றால், அதற்குப் பின்னால் இப்படி டப்பாவோடு சந்து சந்தாக அலைந்தவர்கள் இருந்தார்கள்.

நோயாளிகளுக்கு நான் இந்த சானடோரியக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பெரிய டாக்டர்களுக்கும் தெரியாமல் இருந்தது, உங்கள் தாத்தா பாட்டி மாதிரி ஆட்கள் சேர்ந்துதான் பதில் கிடைத்தது, இல்லாவிட்டால் இன்றைக்கு உங்களையும் வீட்டை விட்டுத் தாம்பரத்துக்கு அனுப்பியிருப்போம் என்று. 'தெரியாது' என்பது அவமானம் இல்லை என்று காட்ட எனக்கு வேறு வழி அகப்படவில்லை. ஒரு பெரியவர் கேட்டுவிட்டு, "எங்க ஊர்லயும் வந்தாங்க" என்றார். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1968-ல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வு அது, லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி. சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு வெறும் ஊசி. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று அந்த ஆய்வு சொன்னபோது உலகமே திகைத்தது. பதினைந்து வருஷம் பின்தொடர்ந்த பிறகும் அதே முடிவு. "எனக்குப் போட்டது எதுன்னு இப்பவாச்சும் சொல்வாங்களா?" என்று கேட்டார் அவர். இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்த கேள்வி. ஆய்வு முடிந்த பின், அதில் சேர்ந்திருந்தவர்களிடம் போய் முடிவைச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இல்லை. பத்திரிகையில் கட்டுரை வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். இது மோசம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் ஆய்வுக்கு வருகிறேன். புளியந்தோப்பு ஆட்டோக்காரர் ஒருவர், "நமக்கு நாலு மாசத்தையே போட்டுக் குடுத்துடுங்க மேடம், வண்டி ட்யூ இருக்கு" என்று உறையைக் கிழிக்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறு மாதம் வந்தது. மேஜையைத் தட்டிக் கத்தினார். உறையை மாற்றிக் கொடுப்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்றார். மாற்றினால் ஆய்வே போய்விடும் என்பதை அந்தக் கோபத்தில் யார் கேட்பார்கள்? விலகிக்கொள்ளலாம், அப்போதும் ஆறு மாதம்தான் என்றேன். அது உறைத்தது, இருந்துவிட்டார். பூக்காரம்மாவுக்கு நான்கு மாதம் வந்தது. கும்பிட்டார்.

வீடுகளுக்குப் போவதும் என் வேலையில் சேர்த்தி. ஆஸ்பத்திரி ஜீப்பைத் தெருமுனைக்கு முன்பே நிறுத்திவிடுவோம். பூக்காரம்மா வீட்டில் நான் மகளிர் குழுவிலிருந்து வருகிறவள். மருமகளுக்கு அப்படித்தான் அறிமுகம். சளி டப்பா மஞ்சள் பைக்குள் இருக்கும். சிகிச்சை முடிந்து மாதங்கள் ஓடிய பிறகு, ஒரு முறை அந்தப் பையில் வாங்கிவந்த சளியில் கிருமி வளர்ந்தது. நோய் திரும்பியிருந்தது. அவருக்கு மட்டும் இல்லை. ஆய்வின் கணக்கை இடையிடையே பார்க்கும் கண்காணிப்புக் குழு, நான்கு மாதப் பிரிவில் நோய் திரும்புவது அதிகமாக இருக்கிறது என்று புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது.

நான்தான் போய்ச் சொன்னேன். மருந்து மறுபடி முதலிலிருந்து, முழுதாக, இலவசமாக என்றேன். அந்த நான்கு மாத மருந்து ஆறு மாதத்துக்கு ஈடாகவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது என்றும் சொன்னேன். பூவைத் தொடுத்துக்கொண்டே கேட்டார். "அன்னிக்கே தெரியாதுன்னுதான் சொன்னீங்க" என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த மூச்சில், "எனக்கு மட்டும் எதுக்குடிம்மா அந்தக் கவரு வந்துச்சு?" என்று அழுதார். இந்த முறை மருமகளுக்கும் தெரிந்துபோயிற்று. அந்தப் பெண் கொஞ்ச நாள் குழந்தையை அவரிடம் விடவில்லை. சொல்லிச் சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. ஒருவர் சேரும்போது புரிந்துகொண்டார் என்பதால், கெட்டது நடக்கும்போது அது குறைவாக வலிக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போலும். அப்படி நடப்பதில்லை.

2014-ல் பல நாடுகளில் நடந்த மூன்று பெரிய ஆய்வுகளின் முடிவு ஒரே சமயத்தில் வெளியானது. ஃப்ளூரோக்வினோலோன் சேர்த்த நான்கு மாதச் சிகிச்சை அவற்றிலும் தேறவில்லை. நான்கு மாதம் போதும் என்று காட்டிய மருந்துக் கூட்டு 2021-ல்தான் வந்தது: ரிஃபாபென்டினும் மாக்ஸிஃப்ளாக்ஸசினும் சேர்ந்தது, 13 நாடுகளில் 2,500-க்கும் மேற்பட்டோர் பங்கெடுத்த ஆய்வு.

அதற்குள் நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாறியிருந்தேன். மருந்துக் கம்பெனிகள் நடத்தும் ஆய்வுகள். குளிரூட்டிய அறை, வழவழப்பான படிவம், இரண்டு மடங்கு பக்கம். 2013-ல் சட்டம் இறுகியது. அதற்குக் காரணங்கள் இருந்தன. அன்றைய ஆந்திராவின் கம்மம் பகுதியில் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்ட திட்டம் 2010-ல் நிறுத்தப்பட்டது. பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இறந்த சிறுமிகளின் மரணத்துக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்று விசாரணை சொன்னது. கையெழுத்துகளுக்கு அப்படிச் சமாதானம் சொல்ல முடியவில்லை. டி.வி.யில் செய்தி வந்த மறுநாள் எங்கள் அறையில் யாரும் பேனாவைத் தேடவில்லை. எனக்கு அது நல்ல நாளாகவே பட்டது.

புதிய விதிப்படி ஒப்புதல் பேச்சு முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். கேமராவைப் பார்த்ததும் பெண்கள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். கணவன்மார் ஃபிரேமுக்குள் வந்து உட்கார்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். டாக்டர்கள் மட்டும் அழகாகப் பேசினார்கள். 'எங்களுக்குத் தெரியாது' என்பதை முதல்முறையாகத் தெளிவாகச் சொன்னதும் கேமரா முன்னால்தான். 2015-ல் இந்த விதி தளர்ந்து, எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் சேரும் புது மருந்து ஆய்வுகளுக்கு மட்டும் என்றானது.

வீடியோவைவிட என்னை யோசிக்க வைத்தது படிவத்தில் புதிதாக வந்த ஒரு கட்டம். ஆய்வினால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும்? நாமினியின் பெயர், உறவு, முகவரி. பக்கம் பக்கமாகத் தலையாட்டிக்கொண்டே வந்தவர்கள் அங்கே நின்றுவிடுவார்கள். சர்க்கரை நோய் மருந்து ஆய்வுக்கு வந்த மேஸ்திரி ஒருவர் பேனாவை மூடினார்.

"இவ்ளோ நேரம் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களேம்மா?"

"ஆகாதுன்னு சொல்லலீங்கய்யா. ஆச்சுன்னா என்ன செய்வோம்னு சொன்னேன்."

"அதத்தான் நான் கேக்காம விட்டுட்டேன். திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன். ஆய்வினால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் சிகிச்சைச் செலவு ஆய்வு நடத்துகிறவர்களுடையது. பெரிய பாதிப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள் எத்திக்ஸ் கமிட்டிக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் டாக்டர் தெரிவித்தாக வேண்டும். இழப்பீட்டுக்குச் சூத்திரம் இருக்கிறது; வயதும் நோயின் கடுமையும் அதில் வரும். இம்முறை அவர் குறுக்கே குறுக்கே கேட்டார். கெடுதல் மருந்தால் வந்ததா, தானாக வந்ததா என்று யார் சொல்வது? கம்பெனி டாக்டரா, வேறு டாக்டரா? கேட்டுவிட்டு மனைவியின் பெயரை எழுதினார். அந்த ஒரு கட்டத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று ஸ்பான்சர் கம்பெனியின் ஆளிடம் கேட்டேன். படிவத்தின் வரிசையை மாற்ற முடியாது என்றார். அதனால் பேசும்போது அங்கிருந்து தொடங்கினேன். சேர்ந்தவர்கள் குறைந்தார்கள். அதைப் பற்றி மாதக் கடைசியில் கேள்வியும் வந்தது.

சேராதவர்களில் ஒருவரைச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், நிதானமாக மூன்று நாள் கழித்து வந்தார். ஓரமெல்லாம் பென்சில். ஆய்வு நம் நாட்டுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பேரனை விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். 2009-லிருந்து பதிவு கட்டாயம், எண் படிவத்திலேயே இருக்கிறது என்று காட்டினேன். பார்த்தாயிற்று என்றார். வெறும் மாத்திரை தரப்படும் பிரிவில் விழுந்தால் தன் சர்க்கரைக்கு என்ன நடக்கும், எந்த அளவு ஏறினால் காப்பு மருந்து தொடங்குவார்கள் என்று கேட்டார். டாக்டரே வந்து பதில் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு, "ரொம்பத் தெளிவாச் சொன்னீங்க. எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போனார். ஸ்பான்சரின் தாளில் அது வீணான ஒரு வரி. நான் பேசியவற்றிலேயே நன்றாக நடந்த பேச்சுகளில் அதை முதலில் வைப்பேன்.

2020 டிசம்பரில் எனக்கு ஒரு போன் வந்தது. புளியந்தோப்பு ஆட்டோக்காரர். ஆறு மாதம் சாப்பிட்டு, இரண்டு வருஷம் சளி கொடுத்து, நோய் திரும்பாமல் முடித்துப் போனவர். ஆயுத பூஜைக்குப் பொரி கொண்டுவந்து கொடுத்தது தவிரத் தொடர்பில்லை. கொரோனா தடுப்பூசிக்கு இந்தியாவில் ஏறக்குறைய 26,000 பேரை வைத்து மூன்றாம் கட்ட ஆய்வு நடந்துகொண்டிருந்த நேரம். சேரலாமா என்று யோசிக்கிறாராம். ஸ்டாண்டில் எல்லோரும் பைத்தியமா என்கிறார்களாம். படிவம் கையில் இருக்கிறது என்றார்.

"பாதிப் பேருக்கு வெறும் ஊசி மேடம். போட்டிருக்கு."

"ஆமா."

"எது யாருக்குன்னு ஊசி போடுற டாக்டருக்கும் தெரியாது. சரியா?"

"சரி."

"நமக்கு வெறும் ஊசி வந்து, வெளிய நெஜ ஊசி வந்துடுச்சுன்னா அப்ப நமக்கும் போடுவாங்களா? அது இதுல எங்க இருக்குன்னு தெரியல."

எனக்கும் தெரியாது, என் ஆய்வு இல்லை அது. பக்கம் பக்கமாக வாசியுங்கள், சேர்ந்து தேடுவோம் என்றேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். ஐந்தாம் பக்கத்தில் சவாரி ஒன்று வந்தது. ராத்திரி கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.